முதுகுப் பக்கம்

காலையிலிருந்து ஒரே பொம்மை. அதற்குத் தலை கிடையாது, கை கிடையாது, பசியும் கிடையாது, கொடுத்து வைத்தது. டாப்ஸை அதற்கு மாட்டி, முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து கிளிப் போட்டு இறுக்கினால், முன்பக்கம் அளவெடுத்துத் தைத்ததுபோல் சிக்கென்று நிற்கும். லைட்டைப் போட்டு ஒரு படம். கழற்று, அடுத்ததை மாட்டு. அச்சடிக்கிற கேட்லாக்குக்கும் அதே படம்தான், ஆன்லைனுக்கும் அதே படம்தான், எல்லா சைஸுக்கும் அதே படம்தான். முதுகைக் காட்டு என்று யாரும் கேட்டதில்லை. கம்பெனி தந்திருப்பது நாலே நாலு கிளிப். தொலைந்தால் என் தலைதான் உருளும் என்று சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன்.

சாயங்காலம் இடுப்பு விட்டுப்போய் வீட்டுக்கு வந்தால், அக்கா கண்ணாடி முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். போட்டிருந்தது நீல டாப்ஸ். போன மாதம் நான் படம் எடுத்த அதே டாப்ஸ். அவள் உடம்பில் அது தலையணை உறைபோல் தொளதொளவென்று தொங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அக்கா பாதியாகிவிட்டாள். பழைய துணி எதுவும் நிற்கவில்லை. மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இன்டர்வியூ. நோய்க்குப் பிறகு அவளை வரச்சொன்ன ஒரே இடம் அதுதான்.

"நான் போகலடா."

"ஏன்?"

"உன் போட்டோவைப் பார்த்துத்தான் வாங்கினேன். அந்தப் பொம்மைக்கு எவ்வளவு அழகா இருந்தது! இப்ப அளந்து பார்த்து என் சைஸ்தான் கேட்டேன். துணிமேல குத்தமில்ல, என் உடம்புதான் போச்சு. பார்க்கிறவங்க நோயாளின்னுதான் நினைப்பாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று கேட்டால், என்மேல்தான்.

"திரும்பு" என்றேன். முதுகில் துணியைக் கொத்தாகப் பிடித்து நாலு கிளிப்பையும் போட்டேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு தோளைத் திருப்பி முதுகைப் பார்த்தாள்.

"அடப்பாவி! அந்தப் பொம்மைக்கும் இப்படித்தானா?"

"எல்லாத்துக்கும் இப்படித்தான். அந்தப் பொம்மைக்கே சேராத துணிதான் அக்கா இது."

மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று.

"ரெண்டு தையல் போட்டுடவா?"

"வேண்டாம், ஓட்டை விழும். வேலை கிடைக்கலேன்னா திருப்பி அனுப்பணும். கிளிப்பே இருக்கட்டும், மேலே துப்பட்டா போட்டுக்கறேன்." கொஞ்சம் யோசித்தாள். "நாற்காலியில சாஞ்சா குத்துமேடா?"

"சாயாதே. நிமிர்ந்து உட்காரு."

மறுநாள் பொம்மைமேல் ஒரு பச்சை டாப்ஸ் அதுபாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, சாக்கு மாதிரி? கிளிப் எங்கே?"

மணியைப் பார்த்தேன். இந்நேரம் அக்காவை உள்ளே கூப்பிட்டிருப்பார்கள்.

"இன்டர்வியூவுக்குப் போயிருக்கு சார்."