டூடெக்கின் வலது முழங்கால்

ப்ரெஸ்டன் ஹேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கீரையையும் கோழித்துண்டையும் குத்தித் தின்றுகொண்டே பேசினான். வாயில் மென்றபடி இன்னொருத்தன் வயிற்றில் அடிப்பதைப் பற்றிப் பேச ஒரு தனி மனசு வேண்டும். அது அவனுக்கு வாய்த்திருந்தது. டொலிடோ நகரின் அமெரிக்கக் கால்பந்து அணியின் சம்பளப் பட்டியல் முழுக்க அவன் கையில். வயது முப்பத்திரண்டு. ஒரு நாள்கூட அந்தப் பந்தைப் பிடித்து விளையாடியவனில்லை.

"நாலு மணிக்குள்ள உச்சவரம்புக்குக் கீழ வந்தாகணும் வெர்லின். இன்னும் தொண்ணூறு லட்சம் டாலர் இடிக்குது."

எல்லா அணிக்கும் லீக் ஒரே உச்சவரம்புதான் வைத்திருக்கிறது. மொத்த அணியின் சம்பளமும் அதற்குள் அடங்க வேண்டும். நேற்று, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ட்ரேஸ் கால்டருக்கு ஆண்டுக்கு ஐந்தரைக் கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒரே வாய் விழுங்கிவிட்டால் மிச்சப் பேர் தட்டில் என்ன இருக்கும்? சுவரில் ஆட்டக்காரர்கள் பெயர் எழுதிய காந்தப் பட்டைகள் ஒட்டியிருந்தன. காசிமிர் டூடெக்கின் பட்டை ஏற்கெனவே ஓரத்துக்கு நகர்ந்திருந்தது.

டூடெக்தான் சென்டர். பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் ட்ரேஸிடம் கொடுத்துவிட்டு, ட்ரேஸ் மேல் பாய வருகிற மலைகளைத் தன் உடம்பால் தடுப்பவன்.

"காயம் இருந்தா பணம் கொடுத்தே ஆகணும்னு அவன் ஒப்பந்தத்துல இருக்கு," என்றான் ப்ரெஸ்டன். "காயம் இல்லேன்னா ஒரு காசு வேண்டாம், அப்படியே வெளிய அனுப்பிரலாம். பதினோரு மணிக்கு டாக்டர் பாக்குறார். உங்க பதிவேட்டப் பாத்தேன். ஒன்பது வருஷமா அவன் பேர்ல ஒரு வலி கிடையாது. சுத்தமா வச்சிருக்கீங்க."

அந்தப் பதிவேட்டை எழுதுபவர் வெர்லின். அவர் அணியின் பிசியோ. அந்த வலது முழங்காலை அவரைப்போல் அறிந்தவர் உலகில் இல்லை. எழுதாதே என்று கெஞ்சியவன் டூடெக். எழுதினால் பயிற்சியாளர் உட்கார வைப்பார், உட்கார்ந்தால் இடம் போகும். முன்வரிசைத் தடியர்கள் எல்லாருமே இப்படித்தான், எலும்பு நொறுங்கினாலும் ஒன்றுமில்லை என்பார்கள். வெர்லினும் எழுதவில்லை. வலி மாத்திரையைச் சளி மாத்திரை என்று எழுதினார். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார்.

டூடெக் சிகிச்சை அறைக்கு வந்தபோது கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்ன பெருசு, காதலச் சொல்லப் போறியா? என் பொண்டாட்டி அடிப்பா, சொல்லிட்டேன்."

"விளையாடாத. உள்ள போனதும் முழங்கால் வலிக்குதுன்னு சொல்லு. படம் எடுக்கச் சொல்லு. உன்ன இன்னிக்கு வெட்டப் போறாங்கடா. வலிக்குதுன்னா தொண்ணூறு லட்சத்தோட போவ. வலிக்கலேன்னா வெறுங்கைய வீசிட்டுப் போவ."

டூடெக்கின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ட்ரேஸ் நேத்து போன் பண்ணான். முன்னால நீ நிக்காம நான் பந்தே வாங்க மாட்டேன்னான்."

"அவன் ஆயிரம் சொல்லுவான். அத ஒப்பந்தத்துல எழுதச் சொன்னானா?"

"உன்ன யாரு அனுப்புனது? அந்தக் கீரைதின்னி ப்ரெஸ்டனா?" டூடெக்கின் குரல் தாழ்ந்தது. "என் வாயாலயே முடியலன்னு சொல்ல வச்சு, நொண்டின்னு முத்திரை குத்தித் தள்ளணும். அதான? ஒன்பது வருஷம் உங்கிட்டதான்யா கால நீட்டினேன்."

"டேய், சத்தியமா..."

"வேணாம் பெருசு."

வராந்தாத் தொலைக்காட்சியில் ட்ரேஸ் பேசிக்கொண்டிருந்தான். புதுச் சட்டை, புதுப் பல். பணம் முக்கியமில்லையாம், இந்த அணி அவன் குடும்பமாம், முன்வரிசை அண்ணன்மார்களுக்கு உயிரையே கொடுப்பானாம். கொஞ்சம் சம்பளத்தைக் கொடுத்திருந்தாலே போதும். வெர்லினுக்கு அந்தப் பெட்டியின் மேல் காறித் துப்பலாம் போலிருந்தது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தபடியே பத்து முறை உட்கார்ந்து எழச் சொன்னார். நூற்று நாற்பது கிலோ உடம்பு இறங்கி எழுந்தது. ஒவ்வொரு முறையும் முழங்காலுக்குள் சரளைக்கல் அரைபடுவதுபோல் ஒரு சத்தம் வெர்லினுக்குக் கேட்டது. டூடெக் சிரித்த முகம் மாறாமல் பத்தையும் முடித்து, கேட்காமலே பதினொன்றாவதையும் எடுத்தான்.

"வலி?"

"இல்ல சார். கல்லு மாதிரி இருக்கு."

டாக்டர் பேனாவோடு வெர்லின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் தினமும் பாக்குறவர். பழைய காயம் எதாவது உண்டா?"

இருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும். படம் எடுப்பார்கள், பிய்ந்த ஜவ்வு தெரியும், டூடெக்குக்குத் தொண்ணூறு லட்சம் நிற்கும். பிறகு பதிவேட்டைத் தோண்டுவார்கள். சளி மாத்திரைகளை எண்ணுவார்கள். உரிமம் போகும், இரண்டு வருடத்தில் வரவேண்டிய ஓய்வூதியம் போகும். டூடெக்கின் கண்கள் சொல்லிவிடாதே என்று அவரைக் கெஞ்சின. அந்தக் கண்களுக்காகத்தான் என்று வெர்லின் தனக்குச் சொல்லிப் பார்த்தார். பொய். உரிமத்துக்காகத்தான். ப்ரெஸ்டனாவது செய்வதைத் தெரிந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறான். தன்னை நினைக்க அவருக்கு அதைவிட அருவருப்பாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றார்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே வெர்லினும் போட்டார்.

வெளியே வந்ததும் டூடெக் அவரை அப்படியே சேர்த்துக் கட்டிக்கொண்டான். அவர் கால்கள் தரையை விட்டு எழும்பின.

"மன்னிச்சிரு பெருசு. கொஞ்ச நேரம் உன்னயே தப்பா நெனச்சிட்டேன். கடைசில நீதான்யா என்னக் காப்பாத்துன. டாக்டரே நல்லாருக்குன்னு எழுதிட்டாரு, இனி என் இடத்த எவன் தொடுவான்?" அவன் கண் கலங்கியிருந்தது. "வெள்ளிக்கிழம வீட்டுக்கு வா. தவக்காலம், கறி கிடையாது. ஏரி மீன் வறுக்கச் சொல்றேன். வருவ இல்ல?"

மணி பதினொன்றரைகூட ஆகவில்லை. நான்கு மணிக்கு இன்னும் நேரமிருந்தது.

"வர்றேன்," என்றார் வெர்லின்.