குல்பர்ஷினின் ஒரு மணி நேரம்

விளையாட்டு தொடங்கிய பத்தொன்பதாவது நிமிடத்தில் திரையில் பச்சைக் கட்டங்கள் சிதறின. பிறகு எல்லாம் கறுத்துப்போனது.

"பாத்தியா?" என்றார் முகாகலி. "நாலும் இப்படித்தான்."

கரகண்டா நகரில் அவர் கேம் சென்டர் நடத்துகிறார். போன வாரம், பழைய கார்டுகள் விற்கும் குல்பர்ஷினிடம் நான்கு கிராபிக்ஸ் கார்டுகள் வாங்கினார். மூன்று வருடம் கிரிப்டோ நாணயம் உருவாக்கும் கொட்டகையில் ஓய்வில்லாமல் ஓடியவை. அப்படிப்பட்டதைச் சந்தையில் யாரும் நம்புவதில்லை. குல்பர்ஷின் ஒவ்வொன்றையும் கனமான விளையாட்டு ஒன்றில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பாள். தாங்கினால் வெள்ளைத் தாளில் கையெழுத்திட்டு ஒட்டுவாள். அந்தத் தாளை நம்பித்தான் வாங்குவார்கள்.

"கரண்ட் ஒழுங்கா வருதா, அகா?" அண்ணன் என்ற முறையில் குல்பர்ஷின் அவரை அப்படித்தான் அழைப்பாள்.

"என் பழைய கார்டு அதே கரண்ட்லதான் நாலு வருஷமா ஓடுது. நீ எதுல ஓட்டிப் பாத்த, சீட்டாட்டத்துலயா?"

விளையாட வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

அவள் மறுபடி ஓட்டினாள். அதே விளையாட்டு, அதே இடம். பற்றியெரியும் நகரம், புகை, மழை. திரையின் மூலையில் கார்டின் வெப்ப எண் ஏறியது. எண்பது. தொண்ணூறு. அவள் கடையில் அது எழுபதைத் தாண்டியதே இல்லை.

வியர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றினாள். ஜன்னலுக்குக் கீழே அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் தகித்தது. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அவள் கடை இரும்புக் கன்டெய்னர். கையுறையும் கம்பளி பூட்ஸுமாக உட்கார்ந்துதான் சோதிப்பாள். வெளியே மைனஸ் இருபத்தைந்து. உள்ளே கொஞ்சம்தான் மேல். வெப்பத்தை எழுபதில் நிறுத்தியது கார்டு அல்ல, அந்தக் குளிர்.

"சிபியுவ சுவத்தோட ஒட்டி வெச்சிருக்கேன்" என்றார் முகாகலி. "காத்து பத்தலையோ?"

ஆமாம் என்றால் போதும். அவர் நம்பிவிடுவார்.

திரை கறுக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. அணைத்துவிட்டுக் கார்டைக் கழற்றினாள். விரல் சுட்டது. ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"சிபியு மேல தப்பு இல்ல, அகா. நான் குளிர்ல வெச்சுப் பாத்துட்டேன். அந்தக் குளிர்ல எது வேணாலும் தாங்கும்."

முகாகலி தாடையைத் தேய்த்தார். தேநீர்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தொடவில்லை.

"என்னோடது நாலு. அத விடு, பாத்துக்கலாம். இந்தக் குளிர்காலம் பூரா எத்தனை கார்டுல கையெழுத்துப் போட்டிருக்க, தங்கச்சி?"