கோசாக்கின் முதல் மரணம்

டாக்டராகப் போகிற பிள்ளைகளை நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். முதல் நாள் வந்து நின்றதும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை மணி நேரம் வந்தோம்னு யார் கையெழுத்துப் போட்டுத் தருவாங்க?" இங்கே யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கையெழுத்துப் போடுகிறவள் நான்தான். ஒஹையோவில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற இந்த முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாகத் தொண்டர்களை மேய்க்கிறேன். என் பெயர் லோரீன்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் பதினைந்து கட்டங்கள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் எலிக்கு ஊசி போட்டது ஒரு கட்டம். ஏதோ ஒரு டாக்டரின் பின்னால் வால் பிடித்து அலைந்தது ஒரு கட்டம். விடுமுறையில் ஹோண்டுராஸ் மாதிரி ஓர் ஏழை நாட்டுக்குப் போய் யார் வீட்டுக் குழந்தையையோ தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்தது ஒரு கட்டம். எங்கள் கிழடுகள் ஒரு கட்டம். நூற்றைம்பது மணி நேரம் ஆனால் கட்டம் நிறைந்துவிடும். நூற்றைம்பத்தோராவது மணிக்கு எங்களைத் தலைமுழுகிவிட்டுப் போய்விடுவார்கள். போகிறபோது கட்டிப்பிடித்து அழுகிறவர்களும் உண்டு, அதுதான் இன்னும் எரிச்சல்.

இதில் அடிபடுகிறவர் எம்மெட் கோசாக். பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். வயது எண்பத்தாறு. இதயம் பாதிதான் வேலை செய்கிறது, வாய் முழுசாக வேலை செய்கிறது. அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆடுகிற யூக்கர் ஒன்றுதான். அந்தச் சீட்டாட்டம் இரண்டிரண்டு பேராகக் கூட்டுச் சேர்ந்து ஆடுவது. மூன்று பேரை வைத்துக்கொண்டு சீட்டைக் கலைக்கலாம், ஆட முடியாது. கோசாக், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த மார்ஜீன், காது கேட்காத பர்ல் ஆகிய மூவரும் பழைய ஆட்கள். நாலாவது ஆள் செத்து மூன்று வருடமாகிறது. அந்த நாற்காலியில் மாணவர்களைப் பிடித்து உட்கார வைப்பேன். ஆட்டம் பிடிபடுகிற சமயத்தில் அதுகளுக்கு மணிக்கணக்கு முடிந்துவிடும்.

அப்படித்தான் ஹாட்லி ப்ராண்ட் வந்தாள். மூன்றாம் வருட மாணவி. பல்வரிசை பளிச்சென்று இருக்கும், அப்பா பல்லுக்குக் கம்பி கட்டுகிற டாக்டர். ஆட்டத்தை இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டாள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் சீட்டைப் பார்ப்பதைவிடச் சுவர்க் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்ப்பாள்.

"சீட்டைப் பாரு பொண்ணே," என்பார் கோசாக். "கடிகாரம் எங்கயும் ஓடிப் போயிடாது. நான்தான் போயிடுவேன்."

அவளுக்குச் சிரிக்கத் தெரியும். கோசாக் அவளைத் தன் கூட்டாளியாகவே வைத்துக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் ஒரு கோப்போடு என் அறைக்கு வந்தாள்.

"மிஸ் லோரீன், நீங்கதான் எனக்கு சிபாரிசுக் கடிதம் தரணும். என் கட்டுரையும் உங்க கடிதமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும்னு காலேஜ்ல எங்க ஆலோசகர் சொன்னார். அதனால இதைப் படிச்சுட்டு எழுதுங்க."

வைத்துவிட்டுப் போனாள். இந்தக் கூட்டம் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. பொய் சொன்ன கையோடு, எந்தப் பொய்க்குத் தாளம் போட வேண்டும் என்று காகிதத்திலும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

கட்டுரை இப்படி ஆரம்பித்தது: "மார்ச் மாதம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை. குளிர்ந்துகொண்டிருந்த எம்மெட்டின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். 'நீ நல்ல டாக்டராக வருவாய்' என்பதே அவருடைய கடைசி வார்த்தை."

நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது, காலஞ்சென்ற எம்மெட் சாப்பாட்டுக் கூடத்தில் டப்பா பீச் பழம் தன்னைவிடப் பழசு என்று சமையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அவரைச் சக்கர நாற்காலியோடு என் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து காகிதத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய அசையப் படித்தார்.

"நல்லாத்தான் செத்திருக்கேன்," என்றார். "மழையெல்லாம் பெய்யுது."

"எம்மெட், இவளுக்கு நான் கடிதம் குடுக்கப் போறதில்ல. செத்தவர் இன்னிக்கு ரெண்டு தட்டு கோழி சாப்பிட்டார்னு ஒரே வரி எழுதி எல்லா காலேஜுக்கும் அனுப்பப் போறேன்."

"சும்மா இரு லோரீன். அவ போயிட்டா எனக்கு யாரு கூட்டாளி? நீயா? உனக்கு ஸ்பேடுக்கும் கிளாவருக்கும் வித்தியாசம் தெரியாது. அவளை வரச் சொல்லு."

வந்தாள். கோசாக்கின் மடியில் கட்டுரையைப் பார்த்ததும் காது வரை சிவந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். எனக்கும் இன்னும் புத்தி வரவில்லை.

"அய்யோ, பேரை மாத்தியிருக்கணும்," என்றாள்.

அவளுடைய வருத்தம் அவ்வளவுதான்.

"கட்டுரைல ஒரு சாவு இருந்தாத்தான் எடுபடும்னு எல்லாரும் சொல்றாங்க, மிஸ்டர் கோசாக். என் வீட்ல யாருமே... தாத்தா பாட்டி நாலு பேரும் நல்லா இருக்காங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள். "மிஸ் லோரீன், ஜூன் மூணாம் தேதி விண்ணப்பம் அனுப்பணும். அதுக்குள்ள இங்க வேற யாராச்சும் அந்த நிலைமைல இருக்காங்களா? நான் நிஜமாவே வந்து பக்கத்துல உக்காருவேன்."

கோசாக் இருமல் வரும் வரை சிரித்தார்.

"வேற ஆளைத் தேடாத பொண்ணே. என்னையே வச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா ரெண்டு கண்டிசன். நான் நிஜமாப் போற வரைக்கும் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு வரணும். போறப்போ நீ எழுதின மாதிரியே வந்து கையைப் புடிச்சுக்கணும்."

"கண்டிப்பா, மிஸ்டர் கோசாக்! சத்தியமா!"

நானும் கடிதம் எழுதினேன். தவறாமல் வருகிறாள், முதியவர்கள் அவளை விரும்புகிறார்கள் என்று எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உண்மையும் இல்லை. அந்த நாலாவது நாற்காலிக்காக என் கையெழுத்தைக் கொடுத்தேன். அவளை ஏசுகிற வாயால் என்னையும் ஏசிக்கொள்கிறேன். கட்டுரையில் கோசாக் செத்தவர் செத்தபடியே எல்லாக் கல்லூரிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்.

ஜூன் முதல் அக்டோபர் வரை வந்தாள். கோசாக்கும் அவளும் சேர்ந்து மார்ஜீனை ஓட ஓட விரட்டினார்கள். அக்டோபர் நடுவில் ஒரு மருத்துவக் கல்லூரி இடம் கொடுத்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை, "இந்த வாரம் கொஞ்சம் வேலை அதிகம்" என்று செய்தி வந்தது. அதற்கடுத்த வாரம் செய்தியும் இல்லை. கோசாக் காலி நாற்காலிக்கும் ஐந்து சீட்டுப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அரை மணி கழித்து மார்ஜீன் சீட்டை அள்ளிக் கட்டி வைப்பாள்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. சில மணி நேரம்தான் என்று நர்ஸ் சொன்னாள்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடு லோரீன்," என்றார். "வாக்குக் குடுத்திருக்கா."

பல்கலைக்கழகம் எட்டு நிமிடத் தூரம். நடைபாதைக்கு வந்து போன் செய்தேன். எடுத்தாள். பின்னால் காப்பிக் கடைச் சத்தம்.

"ஹாட்லி, எம்மெட் போய்க்கிட்டிருக்கார். உன்னைக் கேக்கறார். இப்பவே கிளம்பி வா."

சத்தியமாகப் புரியாத குரலில், குழந்தை கேட்பதுபோல் கேட்டாள்.

"ஆனா மிஸ் லோரீன், நான்தான் எல்லாத்தையும் அனுப்பிட்டேனே? இடமும் கிடைச்சிருச்சே?"

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

"வர்றாளா?"

"வந்துக்கிட்டிருக்கா எம்மெட். வழியில இருக்கா."

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். மழை பெய்யவில்லை, ஜன்னலில் நல்ல வெயில். மூன்றரை மணிக்குப் போனார். அதுவரை அவர் வேறு எதுவும் பேசவில்லை. "வர்றாளா?" என்பதுதான் கடைசி.