வேம்புலியின் தோளில் ஒரு கை

போஸ்டர் ஒட்டுவதற்கு ஒரு நேரங்காலம் வேண்டாமா? பரீட்சை எழுதும் முன்பே பாஸானதற்கு யாராவது மிட்டாய் கொடுப்பார்களா? எங்கள் பையன்கள் கொடுப்பார்கள்.

நான் பிரகாசம். ஆவடிக்கு மேற்கே ஒரு மாலைக் கல்லூரியில் கணிதத் துறைத் தலைவராக இருந்தேன். 1988இல் நகரத்து அறக்கட்டளை ஒன்று, வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகாத கல்லூரி ஆசிரியர்களில் சிறந்த ஒருவருக்கு விருது கொடுப்பதாக அறிவித்தது. நான் யோசிக்கவே இல்லை. என் துறையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த வேம்புலியின் பெயரை அனுப்பிவிட்டேன்.

எங்கள் மாணவர்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர்கள். ஷிப்ட் மாறினால் அந்த வாரம் வகுப்புக்கு வர முடியாது. அது அவனவன் தலையெழுத்து என்று நாங்களெல்லாம் விட்டுவிடுவோம். வேம்புலி மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களை உட்காரவைத்து, விட்டுப்போன பாடம் முழுவதையும் மறுபடி நடத்துவான். வகுப்பில் சொன்ன ஜோக்கைக்கூட அதே இடத்தில் திரும்பச் சொல்லுவான். அவர்களுக்கு எதுவும் குறையக் கூடாதாம். பைத்தியக்காரன். எனக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, எந்நேரமும் சிடுசிடுப்புதான்.

விருது வந்தால் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று கல்லூரிச் செயலாளர் கஜபதி எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வராவிட்டால் வேம்புலி ஜூன் மாதம் சேலத்துக்குப் போய்விடுவான். பாங்க் வேலைக்கு ஆர்டர் வந்து பெட்டியில் கிடந்தது.

தேர்வுக் குழுவிலிருந்து பரந்தாமன் என்பவர் அவன் வகுப்பைப் பார்க்கக் காரில் வந்தார். வழிகாட்ட நானும் ஏறிக்கொண்டேன். பட்டாபிராமில் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். மிலிட்டரி கிடங்குக்குப் பிரிகிற சைடிங் லைனில் போகிற கூட்ஸ் ஒன்று நகர்வேனா என்று நின்றது. எங்களுக்கு நேர் எதிரே, சுவரில் அந்தப் போஸ்டர்.

'சிறந்த இளம் விரிவுரையாளர் விருது பெற்ற வேம்புலி சார் அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம். இவண், மாலைக் கல்லூரி மாணவர்கள்.'

குழு இன்னும் கூடவே இல்லை. அதைவிட மோசம், படம். வகுப்பு குரூப் போட்டோவிலிருந்து அவனை மட்டும் வெட்டியெடுத்திருந்தார்கள். பின்னால் நின்றவனை வெட்டியவர்கள் வேம்புலியின் தோளில் இருந்த கையை விட்டுவிட்டார்கள். சின்ன வயதில் கிரிக்கெட் பந்து பட்டுக் கோணிப்போன சுண்டு விரலோடு அது அப்படியே தெரிந்தது. முன் சீட்டைப் பிடித்திருந்த என் கையைப் பரந்தாமன் பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார். நான் கையைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டேன்.

வகுப்பு அருமையாகப் போனது. என்ன பிரயோசனம்? "பையன் நல்லா நடத்துறாரு. ஆனா நாங்க முடிவே பண்ணலை, அதுக்குள்ள ஊரெல்லாம் விளம்பரம் பண்றது சரியில்லையே," என்று சொல்லிவிட்டுப் பரந்தாமன் காரில் ஏறினார்.

மாணவர் தலைவன் இக்னேஷியஸைக் கூப்பிட்டேன். "அறிவிருக்காடா உனக்கு?" என்றேன்.

"அடுத்த வாரம் எங்க செட்டு பூரா நைட் ஷிப்ட்டு சார். போஸ்டரு ராத்திரிலதான ஒட்டணும்? ரிசல்ட்டு வர்றப்ப ஆளு கெடைக்காதுன்னு முன்னாடியே ஒட்டிக்கினோம்."

"கெடைக்காம போயிட்டா?"

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? நம்ம சாருக்குக் கெடைக்காம வேற யாருக்குக் கெடைக்கும்?"

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அடிக்கவும் மனசு வரவில்லை எனக்கு.

அடுத்த வாரம் விருது வேறொரு கல்லூரிக்குப் போனது. வேம்புலி என் அறைக்கு வந்து, "நான் சேலத்துக்கே போய்க்கிறேன் சார். பசங்களைத் திட்டாதீங்க," என்றான். அவர்களைத் திட்டாமல்? இக்னேஷியஸை மறுபடி கூப்பிட்டு, ஒரு போஸ்டர் பாக்கியில்லாமல் கிழிக்கச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "செரி சார்," என்றான்.

இரண்டு நாள் கழித்து, கல்லூரிக்குப் போக அண்ணனூரில் ரயில் ஏறப் போனேன். ஸ்டேஷன் சுவரில் போஸ்டர் அப்படியே இருந்தது. கோபத்தோடு கிட்டப் போனேன். 'விருது பெற்ற' என்ற இரண்டு வார்த்தையின் மேல் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதம் ஒட்டி, அதில் நீல மையால் 'எங்கள்' என்று எழுதியிருந்தார்கள். சிறந்த இளம் விரிவுரையாளர் எங்கள் வேம்புலி சார். ஆவடியில் இறங்கிப் பார்த்தேன், அங்கேயும் அப்படித்தான். பட்டாபிராம் கேட்டிலும் அப்படித்தான். நைட் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு ஒட்டியிருக்கிறான்கள், தறுதலைகள்.

நேராகக் கஜபதி வீட்டுக்குப் போனேன். வேம்புலியையும் வரச்சொல்லி வெளியே நிற்கவைத்தேன்.

"விருது வந்தாத்தானே நிரந்தரம்னு பேச்சு, பிரகாசம்?" என்றார் கஜபதி.

"வந்திருக்கு சார். அண்ணனூர்லேர்ந்து உங்க காம்பவுண்டு சுவரு வரைக்கும் ஒட்டியிருக்கு. போய்ப் பாருங்க."

"காலைலயே பாத்தேன்," என்றவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீர்தான் தூண்டிவிட்டீர்னு பரந்தாமன் போன்ல சொன்னாரு. தோள்மேல இருக்கிற கை யாருதுய்யா?"

பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன், கோணல் விரலோடு.

"என்னுதுதான் சார். போஸ்டர் நான் ஒட்டச் சொல்லலை. ஆனா கை என்னுது. அவனை அனுப்பறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்பிடுங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என் விரலைப் பார்த்தார். "ரெண்டு பேரும் போயிட்டா அந்தப் பசங்க என் ஊட்டு வாசல்லயே போஸ்டர் ஒட்டுவானுங்க. நாளைக்கே ஆர்டர் போடச் சொல்றேன், கெளம்புய்யா."

வெளியே வேம்புலி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். "இன்னா சார் சொன்னாரு?"

"சேலத்துக்கு மாட்டேன்னு எழுதிப் போடு. நீ இங்கதான். வா, கிளாசுக்கு நேரமாச்சு."

அவன் கூடவே நடந்தான். அவன் தோளில் என் கை இருப்பதைப் பாதி வழியில்தான் கவனித்தேன். எடுக்கவில்லை.