கருவாடு வறுக்க ஒரு வீடு

"சக்கரத்தையே காணோமே?" என்றார் சேனாபதி, குனிந்து வீட்டுக்கு அடியில் பார்த்தபடி.

"அதெல்லாம் கழட்டி வருஷக்கணக்காச்சுங்க. பேருக்குத்தான் மொபைல் ஹோம். இது எங்கயும் ஓடாது."

"ஓடறது நீதான்."

வசந்தாமணி சிரிக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது அவளுக்கு. காலேஜ் மடேஸ்டோவில், வீடு சான் ரமோனில். விடியுமுன் ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். மலை தாண்டி தினமும் ட்ரைவ் பண்ணி மாளாது. முதல் செமஸ்டர் முழுக்க, காலேஜுக்குப் பக்கத்திலேயே, கணவர் சேனாபதியின் நண்பர் மனைவி ப்ரியம்வதாவின் மாடி ரூமில் வாடகைக்கு இருந்தாள். இனி அங்கே காலடி வைக்கமாட்டேன் என்று சொல்லித்தான், இதேபோன்ற வீடுகள் வரிசையாக நிற்கும் இந்தப் பார்க்குக்கு, ஒரு பழைய மொபைல் ஹோமைக் காட்ட அவரைக் கூட்டிவந்திருந்தாள். குழந்தைகள் டேகேரில் வேலை பார்த்துச் சேர்த்த காசு கையில் இருந்தது. விற்கிறவனுக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாகவேண்டும்.

"வீடு நம்முது, அடியில மண்ணு பார்க்காரனுது. மாசாமாசம் மண்ணுக்கு வாடகை. இதுக்குப் பேரு வாங்கறதா?"

"சான் ரமோன் வீடு மட்டும்? பேங்க்காரனுதுங்க."

"அது வெலை ஏறும். இது இறங்கும்."

"இறங்கட்டும். படிப்பு முடிஞ்சா வித்துட்டு வந்துருவேன்."

"இதை எவன் வாங்குவான்?"

"என்னை மாதிரி ஒருத்தி வருவா."

உள்ளே போனார்கள். தரை ஓரிடத்தில் அமுங்கியது. சேனாபதி அங்கேயே இரண்டு தரம் மிதித்துக் காட்டினார்.

"பாத்தியா? அந்த ரூம்ல என்ன குறை உனக்கு? வாடகையும் சீப்பு."

"ஆமாங்க, சீப்புதான். நானும் அங்க சீப்பாத்தான் இருந்தேன்."

"உனக்கு வாய் நீண்டுபோச்சு."

"நம்ம பையன் மதனுக்கு டெக்சஸ்ல அபார்ட்மெண்ட் பாக்கறப்ப, ஜிம் இருக்குதா, நீச்சல்குளம் இருக்குதான்னு கேட்டீங்களே? அவனும் ஸ்டூடண்ட்டுத்தான், நானும் ஸ்டூடண்ட்டுத்தான்."

"அவன் சின்னப் பையன்."

"அதனாலதான் நீச்சல்குளமா?"

சேனாபதி போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். நியாயத்துக்கு ஆள் சேர்க்கிறாராம்.

"ப்ரியம்வதா, அந்த ரூம் இன்னும் காலியாத்தானே இருக்குது?"

"இருக்குண்ணா! அக்கா எப்ப வேணா வரட்டும். அவங்களால ஒரு தொந்தரவும் இல்லைண்ணா. வீட்ல இருக்கறதே தெரியாது."

சேனாபதி வெற்றியோடு பார்த்தார். வசந்தாமணி போனை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"ப்ரியா, நீ நல்லவதான். உன் வீடு, உன் சட்டம். முட்டைகூட வேண்டாம்னே, நான் காருக்குள்ள உக்காந்து ஆம்லெட் தின்னேன். பத்து மணிக்கு மேல லைட் வேண்டாம்னே, பரீட்சைக்கும் காருக்குள்ளயே படிச்சேன். இருக்கறதே தெரியாதுன்னு சொன்னே பாரு, அதுதான் வலிக்குது. இனிமேல் தெரியட்டும்."

"அக்கா, நான் அப்படிச் சொல்லல..."

"தெரியும் கண்ணு. வெக்கறேன்."

பார்க் ஆபீஸுக்கு நடந்தார்கள். மேனேஜர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். விண்ணப்பத்தோடு விதிமுறைத் தாளையும் நீட்டினாள். சேனாபதி அந்தத் தாளை வாங்கிச் சத்தமாக வாசித்தார்.

"கேளு. துணி வெளியில காயப்போடக் கூடாது. ரெண்டு காருக்கு மேல கூடாது. விருந்தாளி ரொம்ப நாள் தங்கினா ஆபீஸ்ல பேரைப் பதியணும். இங்கயும் சட்டம்தான் போ! அங்க ஒரு ப்ரியம்வதா, இங்க பார்க் முழுக்க!"

வசந்தாமணி தாளைத் தன் கைக்கு வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு மேனேஜரிடம் இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: உப்புப் போட்டுக் காயவைத்த மீனை வறுத்தால் தெருவே மணக்கும், யாராவது கம்ப்ளெயிண்ட் பண்ணுவார்களா?

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "உன் அடுப்பு, உன் மீன். எனக்கென்ன வந்தது? போன வாரம் ஒருத்தர் வறுத்தார், எனக்கு ஒரு துண்டுகூடத் தரல. அதுதான் என் கம்ப்ளெயிண்ட்."

வசந்தாமணி பேனாவை எடுத்தாள். விண்ணப்பத்தில் 'வசிப்பவர்' என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பார்க்காரர்கள் சம்மதித்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று விற்கிறவனுக்கு அங்கேயே மெசேஜ் தட்டினாள்.

"நஷ்டம்னு தெரிஞ்சே கையெழுத்துப் போடறே," என்றார் சேனாபதி.

"ஆமாங்க. தெரிஞ்சேதான்."

காருக்கு வந்ததும் அவர் கதவைத் திறக்காமல் நின்றார்.

"அப்ப எனக்குச் சோறு?"

"அரிசி இருக்குது. குக்கர் இருக்குது. யூட்யூப் இருக்குது."

"வெள்ளிக்கிழமையானா நான் இங்க வந்துருவேன், சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் தங்குவேன். என்ன, கூடாதா?"

"வாங்க, யாரு வேண்டாம்னாங்க? கருவாடு வறுத்து வெக்கறேன். ஆனா கிளம்பறதுக்கு முன்னால ஒரு போன் பண்ணிருங்க." வசந்தாமணி ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டாள். "ரொம்ப நாள் தங்கறதா இருந்தா, ஆபீஸ்ல விருந்தாளின்னு பேரைப் பதியணும்."