வாய் திறக்காத சிபாரிசு

பெனீனாவுக்கு ஆக்லாந்தில் வீடு கிடைக்காமல் இழுத்தடித்ததற்கு நான்தான் காரணம் என்று எங்கள் சர்ச்சில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் என் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, அவ்வளவுதான். மூன்று வீடுகளுக்கு இல்லை என்று பதில் வந்தது. முதல் இரண்டுக்கும் நான் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது வீட்டு விஷயத்தில் நான் பச்சைக் குழந்தை. அதை நிரூபிக்கத்தான் இவ்வளவு கத்துகிறேன்.

பெனீனா என் அக்கா தெலேசியாவின் மகள். இருபத்திரண்டு வயது. நாலு மாதத்துக்கு முன்னால் எங்கள் சாமோவாவின் ஆபியாவிலிருந்து வந்து இறங்கினாள், இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து. காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். நாங்கள் இருப்பதோ நகரத்தின் தெற்கு ஓரத்தில், மாங்கெரேயில். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஏழு மணிக்குத்தான் போய்ச் சேரும். அதனால் என் கணவர் தவிதா தினமும் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதே காரில் தன் வேலைக்கு ஓடுவார். அந்தக் கார் பெனீனாவை விட மூத்தது. இரண்டு நாள் காலையில் கிளம்பமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது. இன்னும் ஒரு முறை தாமதமானால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பார்த்தே ஆக வேண்டும் என்ற நிலைமை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஏன் என்கிறீர்களா? எனக்கு மூன்று மகன்கள், ஒரு வீட்டுக்காரர். இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் நான் என்ன வேடிக்கை சொன்னாலும் பதிலுக்கு "சோறு ஆச்சா?" என்றுதான் வரும். பெனீனா வந்த முதல் வாரம், எங்கள் பாதிரியார் கொட்டாவி விட்டுக்கொண்டே ஆசீர்வாதம் சொல்வதை நடித்துக் காட்டினேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அப்பேர்ப்பட்ட பெண் ஒரு நாள் வந்து, "சித்தி, தனியா வீடு பாக்கலாம்னு இருக்கேன்" என்றால் வயிறு எரியுமா எரியாதா?

"நல்லதுடி, நானும் கூட வந்து பாத்துத் தரேன்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு சித்தி சிரமம்?"

"சிரமமாவது ஒண்ணாவது! ஊருக்குப் புதுசு நீ, உன்னை ஏமாத்திடுவாங்க" என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

முதல் வீடு மவுண்ட் ஈடனில். சனிக்கிழமை பதினொன்றரை மணிக்குத் திறந்து காட்டுவார்கள் என்றார்கள். போனால் வாசலில் முப்பது பேர் வரிசை. எல்லோர் முகத்திலும் பெண் பார்க்க வந்த களை. ஏஜென்ட் அம்மாள் கையில் காகிதம் செருகிய அட்டையோடு கதவருகே நின்று ஒவ்வொருவரையும் அளந்துகொண்டிருந்தாள். நான் நேரே அவளிடம் போனேன்.

"ஏம்மா, இந்த ஹால்ல இருபத்தெட்டு பேர் உக்காரலாமா?"

"இருபத்தெட்டு பேரா?"

"தினமும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் சாப்பிட வருவோம், அவ்வளவுதான். பின்னாடி கல்லு சுட வெச்சு ஒரு பன்னியை வேக வைக்க இடம் இருக்கா? புகை கொஞ்சமாத்தான் வரும்."

அவள் பேனா அப்படியே நின்றுவிட்டது. பிறகு பெனீனாவின் பெயருக்கு நேராக ஏதோ கிறுக்கினாள். நல்லதாக எழுதியிருக்கமாட்டாள்.

இரண்டாவது வீடு கிரே லின்னில். ஏஜென்ட் ஒரு ஒல்லியான ஆள், பூனை மாதிரி மெதுவாக நடந்தான். அக்கம்பக்கம் எல்லாம் அமைதியை விரும்புகிறவர்கள் என்று இரண்டு முறை சொன்னான். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கீர்த்தனையில் உச்சத்தில் வருகிற வரியை ஒரே மூச்சில் எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டினான்.

"பெனீனா! எதிரொலி பிரமாதமா இருக்குடி! புதன்கிழமை பாட்டு ஒத்திகையை இனிமே இங்கயே வெச்சுக்கலாம், நாப்பது பேரும் வசதியா நிக்கலாம்!"

ஏஜென்ட் வெளியே போய்த் தண்ணீர் குடித்தான். காரில் வரும்போது பெனீனா கேட்டாள், "ஏன் சித்தி அப்படிச் சொன்னீங்க?"

"மனசுல பட்டதைச் சொன்னேன். சொல்லக்கூடாதா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் சேப்பங்கிழங்கு உரித்தபடி ஊர்க்கதை பேசினோம், அவள் சிரித்தாள், வந்த குற்ற உணர்ச்சி போன இடம் தெரியவில்லை.

மூன்றாவது வீட்டை அவள் என்னிடம் சொல்லாமலே போய்ப் பார்த்துவிட்டாள். ஒரு புதன்கிழமை வேலை முடிந்து அப்படியே போயிருக்கிறாள். கிராஃப்டனில் ஒற்றை அறை வீடு, ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிட நடை. விண்ணப்பத்தில் இப்போது குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தாள். வேறு யார் பெயரை எழுதுவாள், பாவம்.

வியாழக்கிழமை எனக்குப் போன் வந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. விமானத்தில் கொடுக்கிற போர்வைகளை மடிப்போம். எதிரே நின்று போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் மெலே, அவளும் எங்களைப் போல சாமோவாக்காரி. நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"மேடம், நான் டங்கன். கிராஃப்டன் வீட்டு விஷயமா பேசறேன். பெனீனாவைப் பத்தி நாலு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்க தம்பி." இந்த முறை ஒழுங்காக நடந்துகொள்வது என்று முடிவு செய்தேன். முந்தின நாள் காலையில் மறுபடியும் கார் இருமி இருமித்தான் கிளம்பியது. வாசலில் நின்ற பெனீனாவின் முகம் செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை.

"வாடகையை ஒழுங்காக் குடுப்பாங்களா?"

புருவத்தைத் தூக்கினேன். எங்கள் ஆட்கள் ஆமாம் என்பதற்கு வாயைத் திறப்பதே கிடையாது, புருவத்தை ஒரு தடவை தூக்கினால் முடிந்தது விஷயம். சாப்பிட்டாயா, புருவம். சர்ச்சுக்கு வருகிறாயா, புருவம்.

"வீட்டைச் சுத்தமா வெச்சுப்பாங்களா?"

இரண்டு முறை தூக்கினேன், ரொம்பச் சுத்தம் என்பதற்காக.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி, கேளுங்க."

"அக்கம்பக்கத்துல நல்லபடியா பழகுவாங்களா?"

புருவம்.

"திரும்பக் கேட்டா அவங்களுக்கே வீடு குடுப்பீங்களா?"

தலையில் கட்டியிருந்த துணி மேலே ஏறுகிற அளவுக்குப் புருவத்தைத் தூக்கினேன். மெலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்றும் தப்பாகப் படவில்லை.

மறுமுனையில் அந்தப் பையன் பெருமூச்சு விட்டான். "புரியுது மேடம். உங்க சங்கடம் நல்லாப் புரியுது. ரொம்ப நன்றி."

எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று மெலேயிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெனீனா சமையலறைக்கு வந்து நின்றாள். கையில் போன். "வீடு இல்லைன்னுட்டாங்க. ஏன்னு கேட்டேன். உங்க வீட்டுக்காரம்மா உங்களைப் பத்தி ஒரு வார்த்தைகூட நல்லதா சொல்லலைன்னு சொல்றார் அந்த டங்கன்."

"அடப் படுபாவி! நான் எல்லாத்துக்கும் ஆமாம்னு சொன்னேன்டி!"

"சித்தி, போதும்."

"சத்தியமா சொல்றேன்!"

அவள் அழவில்லை. ஒரு தட்டை எடுத்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டு அது, திரும்பக் கழுவ ஆரம்பித்தாள். அது எனக்கு அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு முறை பொய்யாக நடித்தபோது ஒருத்தரும் திட்டவில்லை, ஒரே ஒரு முறை நேர்மையாக இருந்ததற்கு எனக்குத் தண்டனையா?

சாப்பிட்டுக்கொண்டிருந்த தவிதா தலையைத் தூக்கினார். "லுபே, நிஜத்தைச் சொல்லு. ஆமாம்னு எப்படிச் சொன்ன?"

"எப்படிச் சொல்லுவாங்க? இப்படித்தான்" என்று தூக்கிக் காட்டினேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "போன்லயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனுஷன் சிரித்த சிரிப்பில் சேப்பங்கிழங்கு தொண்டையில் சிக்கி, மூத்தவன் ஓடிவந்து முதுகில் குத்த வேண்டியதாயிற்று. பெனீனா சிரிக்கவில்லை. "நம்பறதா வேண்டாமான்னே தெரியலை சித்தி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அவளைக் காரை ஓட்டச் சொல்லி டங்கன் ஆபீசுக்கே போய்விட்டேன். முகமெல்லாம் செம்புள்ளியாக, சின்னப் பையன். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "இன்னொரு ஜோடி கேட்டிருக்காங்க மேடம். பத்து மணிக்கு ஓனருக்குச் சொல்லியாகணும்."

"பத்து மணி ஆக இன்னும் நேரம் இருக்கு தம்பி. அன்னிக்குக் கேட்ட கேள்வியை எல்லாம் இப்பக் கேளுங்க. என் மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க."

"வாடகை... ஒழுங்காக் குடுப்பாங்களா?"

தூக்கினேன்.

"சுத்தமா வெச்சுப்பாங்களா?"

இரண்டு முறை.

"இது ஆமாம்" என்றாள் பெனீனா, பின்னாலிருந்து, மெதுவாக. "எங்க ஊர்ல இதுதான் ஆமாம்."

டங்கனின் முகம் செம்புள்ளியே தெரியாத அளவுக்குச் சிவந்துவிட்டது. பெனீனாவைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ புதன்கிழமை நீங்க... ஐயோ. வெயில் நல்லா வரும்னேன். நீங்க புருவத்தைத் தூக்கினீங்க. நம்பலைன்னு நெனச்சு, மத்தியானம் வரைக்கும்தான் வரும்னு ஒத்துக்கிட்டேன். சத்தமே இருக்காதுன்னேன். திரும்பவும் தூக்கினீங்க. பின்னாடி ரயில் போகுதுன்னு நானே உளறிட்டேன். அலமாரியில ஈரக்கசிவு இருக்கறதைக்கூடச் சொல்லிட்டேன். அந்தக் கசிவை யாருக்கும் சொன்னதே இல்லை!"

"நான் சரின்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள் பெனீனா.

அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் பேனாவை எடுத்தான். "கடைசிக் கேள்வி மேடம். இதை மட்டும் வாயால சொல்லணும், எழுதி ஓனருக்குப் படிச்சுக் காட்டணும். இவங்களைத் திரும்ப உங்க வீட்டுல சேத்துப்பீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. நான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"தம்பி, இவளை அனுப்ப எனக்கு இஷ்டமே இல்லை. இதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டை நானே வேணும்னு கெடுத்தேன். பன்னி வேக வைப்போம்னேன், பாத்ரூம்ல பாட்டுப் பாடினேன். இன்னொரு தடவை லேட்டானா இவ வேலை போயிடும்னு தெரிஞ்சே செஞ்சேன். குடியிருக்கறவங்க எப்படா காலி பண்ணுவாங்கன்னு காத்திருக்கற வீட்டுக்காரங்களைத்தான் நீங்க பாத்திருப்பீங்க. போயிடக் கூடாதுன்னு பொய் சொன்ன வீட்டுக்காரி நான். எழுதிக்கோங்க."

டங்கன் எழுதினான். உள்ளே போய் ஓனரிடம் பேசினான். நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் பெனீனாவின் பக்கம் திரும்பவே இல்லை, அவ்வளவு வெட்கம். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் வெளியே வந்து, திங்கட்கிழமை சாவி வாங்கிக்கொள்ளலாம் என்றான். ஓனர் இப்படி ஒரு சிபாரிசை இதுவரை கேட்டதில்லையாம்.

திரும்பும்போதும் அவள்தான் காரை ஓட்டினாள். எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"திட்டறதுன்னா திட்டிடுடி."

"எதுக்கு? அந்த ரெண்டு வீடும் எனக்குப் பிடிக்கலை. படத்தைப் பாத்தப்பவே பிடிக்கலை."

"அப்புறம் எதுக்கு என்னையும் கூட்டிட்டுப் போன?"

"நீங்க வரேன்னு அடம்பிடிச்சீங்க. பிடிச்ச வீட்டுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போக முடியுமா? அதான் பிடிக்காத வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். பாத்ரூம்ல பாடினீங்களே, வெளிய நின்னு நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"அடிப்பாவி!" என்று அவள் தொடையில் ஓர் அடி வைத்தேன். இவ்வளவு நாள் நான் இவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று மிதப்பில் இருந்தேனே! இவள் என்னைக் கூத்தாட விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள். கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. "அப்ப கிராஃப்டன் வீடு?"

"அது எனக்கு வேணும் சித்தி."

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. இத்தனை நாளில் எங்கள் வீட்டில் அவள் எதையும் வேண்டும் என்று கேட்டதே இல்லை. எதைத் தட்டில் வைத்தாலும் சாப்பிட்டாள், எங்கே இடம் கொடுத்தாலும் படுத்தாள்.

"சரி. சாமான் தூக்க மூணு தடியன்களையும் அனுப்பறேன். நான் சாப்பாடு கட்டி எடுத்துட்டு திங்கக்கிழமையே வந்துடறேன்."

"நீங்க செவ்வாய்க்கிழமை வாங்க சித்தி. மொத நாள் மட்டும் நான் தனியா இருந்து பாக்கறேன்."

ஒரு நாள்தானே, சரி என்றேன். மாங்கெரே வந்து சேரும்வரை அழுதேன். அவள் ஒரு கையால் துணியை எடுத்து என்னிடம் நீட்டினாள், காரை மட்டும் நிறுத்தவில்லை.