ஐந்நூற்று நாற்பத்து மூன்று வருஷம்

தாய்லாந்தின் ரயோங் மாகாணத்து ரப்பருக்கு ஒரு ராசி உண்டு. பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமென்றாலும் அது கடல் கடந்துதான் போய்ச் சேரும். பான் காய் என்கிற ஊரில் பால் வடித்து, தகடாக்கி, லேம் சபாங் துறைமுகத்தில் கப்பலேற்றி அனுப்புவார்கள். எங்கோ ஒரு தேசத்தில் அதைச் சின்னச் சின்னக் கால்களாக வார்த்து, மறுபடி அதே துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்குவார்கள். அங்கிருந்து லாரியில் தொழிற்பேட்டைக்கு வரும் வழியில், பால் வடித்த அதே தோட்டத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். இதற்கு உலகளாவிய கொள்முதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டால் மலிவு என்பார்கள்.

கன்லயா இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவள். ஏர்கண்டிஷனர் ஆலையின் கொள்முதல் பிரிவில் அவளுக்குப் பதினான்கு வருஷ அனுபவம். வெளிப்பெட்டிக்குள் இருக்கும் கம்ப்ரஸர் அதிராமல் உட்கார மூன்று ரப்பர் கால்கள் வேண்டும். கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. ஆனால் அந்த மூன்று இல்லாமல் ஒரு பெட்டியையும் மூட முடியாது. இதை நாற்பது நிமிஷத் தூரத்தில் பான் காயில் ரப்பர் ஆலை வைத்திருக்கிற விரோட் செய்து தருகிறேன் என்கிறாரே, வாங்கினால் என்ன என்று இரண்டு வருஷமாகக் கரடியாகக் கத்தினாள். உலகம் முழுக்க இருக்கிற ஐந்து ஆலைக்கும் ஒரே சப்ளையர் என்பது தலைமையகத்து விதி. விதி அசையவில்லை.

அசைத்தது ஒரு கப்பல்தான். ஏப்ரல் வெயில் கொளுத்துகிறது, சொங்க்ரான் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் நாடு முழுக்க ஏர்கண்டிஷனர் கேட்டு அலைகிறார்கள், கால்களைச் சுமந்துவரும் கப்பலோ நாலாவது முறையாகத் தேதி மாறிவிட்டது. கையிருப்பு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி வரைதான் வரும். அதன்பின் லைன் நிற்கும். அசெம்பிளி லைன் நிற்பதென்பது ஆலைத் தலைவர் குசனோவுக்கு நெஞ்சு நிற்கிற மாதிரி. ஜப்பானிலிருந்து வந்து ஒன்பது வருஷமாக இங்கே இருப்பவர், தாய்லாந்து மொழியில் கனவு காண்கிற அளவுக்கு ஊரோடு ஒட்டிப் போனவர். ஆனால் விதி என்று வந்துவிட்டால் மனுஷன் இரும்பு.

"ஒரே ஒரு தடவை," என்றார் கன்லயாவிடம். "தலைமையகத்துல அனுமதி வாங்கியிருக்கேன். ஆறாயிரம் கால். புதன்கிழமை காலையில வரணும், எல்லா சோதனையிலயும் தேறணும். தேறினா இனிமே கால் மொத்தமும் விரோட்டுக்கு. தேறலைன்னா அவர் பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவேன். நீங்க அட்டைப்பெட்டிப் பிரிவுக்குப் போயிடணும். சரியா?"

அட்டைப்பெட்டிப் பிரிவு என்பது வேலை போகாமல் வேலை போவது. கன்லயா சரி என்றாள்.

விரோட் முப்பது ஆட்களை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளுக்கு ரப்பர் பாகம் வார்த்துக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமையும் ஆலையைத் திறந்து ஆறாயிரத்தையும் முடித்து, புதன் காலை ஒன்பதரைக்கு டெலிவரி கேட்டில் நிறுத்திவிட்டார். கடினம் பார்த்தார்கள், சரி. எடை ஏற்றி அமுக்கிப் பார்த்தார்கள், கப்பலில் வருவதைவிட நன்றாகவே எழும்பியது. கன்லயா மனசுக்குள் ஒரு குத்து ஆட்டமே போட்டுவிட்டாள். கடைசியாக, சோதனைக் கூடத்துப் பெண் பிலாய் லேபிளை ஸ்கேனரில் காட்டினாள்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன். இது என்னமோ சொல்லுது."

திரை சிவந்து கிடந்தது. தயாரிப்பு ஆண்டு எதிர்காலத்தில் உள்ளது, சரக்கு நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. லேபிளில் 2567. ஒவ்வொரு காலின் அடியிலும் வெள்ளை மையில் 2567.

கன்லயா அதை மூன்று தரம் படித்தும் தப்பு எங்கே என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவளுடைய அடையாள அட்டையில் அந்த ஆண்டுக் கணக்குதான் ஓடுகிறது, வீட்டு நாட்காட்டியில் அதுதான், கோவில் சுவரில் அதுதான். புத்தரிலிருந்து எண்ணுகிற ஊரில் இது 2567. தலைமையகத்துக் கம்ப்யூட்டருக்கு மட்டும் இது 2024. மாதிரி லேபிளை விரோட்டின் ஆட்கள் பார்த்தார்கள், பிலாய் பார்த்தாள், கன்லயா தானே பார்த்துக் கையெழுத்தும் போட்டாள். அத்தனை பேரும் தாய்லாந்துக்காரர்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

விஷயம் பரவ ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வெளிநாட்டுக் கொள்முதலைப் பார்க்கும் அனுசா, கையில் ஐஸ் காப்பியோடு வந்து கதவில் சாய்ந்து நின்றான்.

"ஏன்க்கா, என் கப்பல் மூணு வாரம் லேட்டுன்னு எவ்வளவு பேச்சு பேசினீங்க. உங்க ஆளு ஐந்நூத்து நாப்பத்து மூணு வருஷம் முன்னாடியே வந்துட்டாரே."

கூடமே சிரித்தது. கன்லயாவுக்குச் சிரிக்க நேரமில்லை. அவள் நேராகக் குசனோவின் அறைக்குப் போனாள்.

"தேதிதான் சார் தப்பு. கால்ல ஒரு குறையும் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கம்ப்யூட்டர்ல மாத்திடலாம்."

"மாத்தலாம். இன்னிக்குத் தேதிக்கு மாத்துவேன், நாளைக்கு விரிசலுக்கு மாத்துவேன்," என்றார் குசனோ. "மூணு மணிக்குள்ள அது தானா பச்சை காட்டணும். வேற வழி இருந்தா சொல்லுங்க."

வழி தேடிக் கொள்முதல் கையேட்டின் நூற்றுப்பத்தாம் பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. பதினான்கு வருஷத்தில் ஒருவரும் தொடாத விதி. லைன் நிற்பதற்கு முன், சப்ளையரின் ஆட்களே வந்து பிழையைத் திருத்திக் கொடுத்தால், சரக்கு புதிதாக வந்ததாகவே கொள்ளப்படும். ஏன் யாரும் தொடவில்லை என்பது கன்லயாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் இதைத் தொட்டு என்ன செய்ய? வராந்தாவிலிருந்தே விரோட்டைக் கூப்பிட்டாள்.

விஷயத்தைக் கேட்டு விரோட் மாதிரி லேபிளை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "என் கல்யாணப் பத்திரிகையிலயே அப்படித்தானே கன்லயாம்மா போட்டேன். அது எப்படித் தப்பாவும்?"

"தப்பில்ல அண்ணே. ஆனா தப்பு. ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, 2024ன்னு புதுசா குத்தணும். ஆறாயிரமும்."

"துடைக்கறது ஒண்ணும் பெரிசில்ல. முத்திரைக்கு எங்க போவேன்? பான் காய்ல விக்கிற தேதி முத்திரை எல்லாத்துலயும் நம்ம வருஷம்தானே இருக்கு. பாங்காக்குக்கு ஆள் அனுப்பினா சாயங்காலம் ஆயிடும்."

கன்லயா ஒரு கணம் கண்ணை மூடினாள். அவசரத்தில் அறிவு வேலை செய்வது அபூர்வம். அன்றைக்கு அவளுக்குச் செய்தது.

"அண்ணே, முத்திரையை எதுல செய்யறாங்க?"

மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு.

"போனை வைம்மா. ரப்பர் ஆலைக்காரன் முத்திரை தேடி அலையறானாம். வெளியில சொல்லிடாத."

பதினொன்றே முக்காலுக்கு இரண்டு பிக்கப் வண்டிகள் கேட்டுக்குள் நுழைந்தன. பின்னால் நின்றபடியே முப்பது பேர், நடுவில் ஒரு கூடை ஒட்டரிசிச் சோறு. விரோட் முன்சீட்டிலிருந்து இறங்கும்போது ஒரு தகர டப்பாவைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு இறங்கினார். உள்ளே இருபது முத்திரைகள். பித்தளையில் எண் செதுக்கி, அச்சில் போட்டு வேகவைத்து, மரக்கட்டையில் ஒட்டி எடுத்து வந்திருக்கிறார். இன்னும் சூடு ஆறவில்லை.

பைக் நிறுத்தும் கொட்டகையை அரை மணி நேரத்தில் காலி செய்து கொடுத்தாள் கன்லயா. பாய் விரித்தார்கள், வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தர் துடைக்க, அடுத்தவர் குத்த, அதற்கடுத்தவர் எண்ணித் தட்டில் அடுக்க, ஸ்பிரிட் வாடை கொட்டகையைத் தூக்கியது. கன்லயாவுக்குக் கை பரபரத்தது. ஆனால் ஆலை ஆட்கள் ஒரு காலைத் தொட்டாலும் விதி கெட்டுவிடும். தண்ணீர் கொடுத்தாள், லேபிளைப் புதிதாக அச்சடித்தாள், மணியைப் பார்த்தாள். மறுபடி மணியைப் பார்த்தாள்.

ஒன்றே கால் மணிக்குத்தான் அடுத்த தொல்லை வந்தது. தட்டில் அடுக்கிய கால்களில் மை காயவே இல்லை. மழைக்கு முந்தைய புழுக்கம், காற்றென்று பேருக்கும் இல்லை. ஒன்றோடொன்று உரசி 2024 அத்தனையும் வெள்ளைத் தீற்றலாகிக்கொண்டிருந்தது. விரோட்டின் முகம் தொங்கிவிட்டது. அதுவரை முடிந்ததே இரண்டாயிரம். அதிலும் பாதியைத் திரும்பத் துடைக்க வேண்டும்.

"ஊதிக்கிட்டு உட்கார்ந்தா நாளைக்குத்தான் காயும்," என்றார். "என்னால உங்களுக்குப் பேரு கெட்டுப்போச்சும்மா."

கன்லயா பதில் சொல்ல வாயெடுக்கும் முன் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று வந்து நின்றது. அதன்மேல் சோதனைக் கூடத்திலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த ஏர்கண்டிஷனர் வெளிப்பெட்டி. பின்னால் இன்னொரு வண்டி. இரண்டையும் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தவன் அனுசா. கூட ஒரு மின்பணியாள்.

"உள்ள குளுகுளுன்னு வச்சுட்டு வெளியில சூட்டைக் கக்கற சாமான்தானே நாம செய்யறோம்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "தட்டை இதுக்கு முன்னாடி வைக்கச் சொல்லுங்க. நான் காலைத் தொடல. மெஷினைத்தான் தொட்டேன்."

"என்னடா திடீர்னு?"

"மேலேர்ந்து பார்த்துட்டே இருந்தேன்க்கா. எத்தனை வருஷமா நானும் வாங்கறேன். எனக்காக எந்த சப்ளையரும் ஒரு தடவைகூட வண்டி ஏறி வந்ததில்ல."

பெட்டிகள் உறுமி அனலைக் கக்கின. தட்டு வைத்த இரண்டாவது நிமிஷம் மை கல்லாக இறுகியது. அதற்கப்புறம் அந்தக் கொட்டகையைப் பிடிக்க ஆளில்லை. விரோட்டின் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினார்கள். ஷிப்ட் மாறிப் போகிறவர்கள் நின்று எண்ணிக்கையைக் கூவினார்கள். நாலாயிரம். ஐயாயிரம். ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டு முப்பத்தெட்டுக்குக் கடைசிக் கால் தட்டில் ஏறியது. விரோட்டின் விரல்கள் பத்தும் வெள்ளை.

பிலாய் ஸ்கேனரைத் தூக்கினாள். குசனோ எப்போது வந்து நின்றார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

பச்சை. இரண்டாவது பெட்டி, பச்சை. பதினைந்தாவது பெட்டி வரை பச்சை.

கொட்டகை அதிர்ந்தது. கன்லயா வாய்விட்டுக் கத்தினாள், பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக. இரண்டு வருஷம் தொண்டை கிழியச் சொன்னது பொய்யில்லை என்று அந்தப் பச்சை சொல்லிவிட்டது. மூன்று மணிக்கு லைன் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று ஐந்துக்கும் ஓடியது.

குசனோ அனுசாவைப் பார்த்தார். "கப்பல் எங்க இருக்கு?"

"துறைமுகத்துக்கு வெளியில நங்கூரம் போட்டு நிக்குது சார்."

"போன வருஷம் அவங்க அனுப்பின கால்ல விரிசல் இருந்துச்சே, பதில் வர எத்தனை நாள் ஆச்சு?"

"பதினெட்டு நாள் சார். பதில் மட்டும். கால் வர ரெண்டரை மாசம்."

குசனோ தலையாட்டிக்கொண்டார். ஒரு காலை எடுத்துத் திருப்பி அடியில் இருந்த ஆண்டைப் பார்த்தார். "எல்லாரும் தப்பு செய்வாங்க," என்றார். "தப்பு பண்ணினதும் அன்னிக்கே வந்து நிக்கறவரை நான் இதுவரைக்கும் வாங்கினதே இல்ல. ஒப்பந்தத்தை எடுத்துட்டு வாங்க. கால் மொத்தமும்."

ஒட்டரிசிக் கூடைக்குப் பக்கத்திலேயே, ஒரு காலிப் பெட்டியின் மேல் ஒப்பந்தத்தை வைத்தார்கள். விரோட் கையெழுத்துப் போட்டார், காகித ஓரத்தில் வெள்ளை விரல் பதிந்தது. குசனோ போட்டார். கடைசியாகக் கன்லயா கையெழுத்துப் போட்டு, கீழே தேதியையும் வழக்கம்போலச் சடசடவென்று எழுதி நிமிர்ந்தாள். அனுசா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

2567.

விரோட் சட்டைப்பையிலிருந்து ஸ்பிரிட் துணியை எடுத்து அவளிடம் நீட்டினார். கொட்டகை மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. கன்லயா சிரித்துக்கொண்டே துணியை வாங்கப் போனாள். குசனோ அவள் கையைத் தடுத்துவிட்டு, தன் கையெழுத்துக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் பேனாவை வைத்து, நிதானமாக, அதே நாலு எண்ணை எழுதினார்.

"இருக்கட்டும்," என்றார். "இது இங்க வாங்கற சரக்கு."